490: ஓர் எண் நடந்து வந்த வழி

பள்ளிப் பிள்ளைகளுக்கான ரோபோ வகுப்பு ஒன்றில்தான் அந்த ஒலியை முதன்முதலாகக் காதுகொடுத்துக் கேட்டேன். மஞ்சள் பிளாஸ்டிக் கியர்பெட்டியும் கட்டைவிரல் அளவு மோட்டாரும் வைத்த இரண்டு சக்கர வண்டி. வேகத்தை 255-க்கு 60 என்று எழுதிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. சக்கரம் அசையவில்லை. மோட்டாருக்குள்ளிருந்து மட்டும் ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம் வந்துகொண்டே இருந்தது.

"சார், பாடுது. ஆனா ஓடமாட்டேங்குது" என்றாள்.

அன்று இரவு வீட்டில் சுருதிப்பெட்டியை ஒரு கட்டையில் வைத்து, பக்கத்தில் அதே மோட்டாரைப் பாடவிட்டேன். காகலி நிஷாதம். ஒரு கட்டைக்கு மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ். அதைப் பதினைந்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் 490.5. மோட்டார் பாடியது 490.2. பழகிய காதுக்குக்கூட இந்த வித்தியாசம் பிடிபடாது.

மோட்டாருக்கு யாரும் ஸ்வரம் சொல்லித்தரவில்லை. அப்படியானால் இந்த 490 எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனதில் அந்த எண்ணுக்கு ஒரு பிறப்பும், வளர்ப்பும், நீண்ட பயணமும் இருப்பது தெரிந்தது.

அது பிறந்த இடம், வண்டியை ஆட்டுவிக்கும் ஆர்டுயினோ உனோ போர்டில் கறுப்புச் சில்லுக்கு அருகே கடுகளவில் உட்கார்ந்திருக்கும் பீங்கான் ரெசனேட்டர். நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை அது அதிர்கிறது. ஏடிமெகா328பி என்ற அந்தச் சில்லுக்குள் மூன்று டைமர்கள் இருக்கின்றன. அதிர்வு முதலில் 64-ஆல் வகுபடுகிறது. நொடிக்கு 2,50,000 எண்ணிக்கை மிஞ்சுகிறது. அந்த எண்ணிக்கையில் ஒரு டைமர் 0-விலிருந்து 255 வரை ஏறி, மறுபடி 0 வரை இறங்கிவருகிறது. ஏறி இறங்க 510 படிகள். 2,50,000-ஐ 510-ஆல் வகுத்தால் 490.196. நொடிக்கு அத்தனை முறை போர்டின் பின்னில் மின்சாரம் துடிப்பாக வந்து அணைகிறது; ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதைத்தான் சிறுமி எழுதிய 60 சொல்கிறது. அவ்வளவுதான் அதன் ஜாதகம்.

ஏன் 64? போர்டில் கடிகார வேலை பார்ப்பது முதல் டைமர். 64-ஆல் வகுத்து 256 வரை எண்ணினால் ஒரு சுற்றுக்கு 1.024 மில்லிநொடி ஆகும். மில்லிநொடிக் கணக்கு வைத்துக்கொள்ள அது வசதி. மற்ற இரண்டு டைமர்களுக்கும் அதே 64-ஐயே கொடுத்தார்கள். ஏறி இறங்கும் முறை எதற்கு என்பதற்கு, ஆர்டுயினோவின் மூல நிரலில் அதை எழுதியவர்களே ஒரு குறிப்பு விட்டுப்போயிருக்கிறார்கள்: அலை இருபுறமும் சமச்சீராக இருக்கும், மோட்டார்களுக்கு அதுவே நல்லது என்று. ஆக, மோட்டாரை மனதில் வைத்துத்தான் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஏறி இறங்குவதால் அதிர்வெண் பாதியாகும். ஏறிவிட்டு அப்படியே பூஜ்யத்துக்குத் தாவும் முதல் டைமர் 976-இல் ஓடுகிறது. மற்ற இரண்டும் 490-இல் நிற்கின்றன. 9-ஆம் பின்னின் துடிப்பில் ஒரு மோட்டாரையும், முதல் டைமர் ஆளும் 5-ஆம் பின்னின் துடிப்பில் இன்னொன்றையும் ஓடவிட்டுக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது ஏறக்குறைய ஒரு ஸ்தாயி மேலே பாடும். துல்லியமாக இரு மடங்கு இல்லாததால் இரண்டுக்கும் இடையே நொடிக்கு நான்கு முறை ஒரு மெல்லிய அலைவும் எழும்.

ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரியாவில் பிறந்தது. தட்டச்சுப் பொறிகளுக்குப் பேர்போன ஒலிவெட்டி நிறுவனத்தின் ஊர் அது. அங்கிருந்த வடிவமைப்புப் பள்ளியின் மாணவர்களும் கலைஞர்களும் மின்னணுவியல் படிக்காமலே விளக்கு எரியவைக்க வேண்டும், பொம்மையை ஆட்டவைக்க வேண்டும் என்பதே நோக்கம். எல்இடி விளக்கை மங்கச் செய்யவும் கூட்டவும் 490 அழகாகப் பொருந்துகிறது. கண்ணுக்கு எந்தத் துடிப்பும் தெரிவதில்லை. விளக்குக்குத் தடை உண்டு, தூண்டம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. துடிப்பு வந்ததும் எரியும், போனதும் அணையும். இதுவரை 490-க்கு ஒரு சிக்கலும் இல்லை.

சிக்கல் கம்பிச் சுருளில்தான் தொடங்குகிறது.

போர்டின் பின்னிலிருந்து கிளம்பும் துடிப்பு நேரே மோட்டாருக்குப் போக முடியாது. ஒரு பின் பாதுகாப்பாகத் தரக்கூடியது 20 மில்லிஆம்பியர்தான். நடுவில் டிரைவர் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும், முதுகில் அலுமினியத் தகடு சுமந்த எல்298என் போர்டைத்தான் எடுத்துக் கையில் வைப்பார்கள். அதிலுள்ள சில்லும் இத்தாலியப் பரம்பரை, பழைய எஸ்ஜிஎஸ் நிறுவனத்தின் வாரிசு. அதன் நான்கு கதவுகள் வழியாகப் புகுந்து 490 மோட்டாரை அடைகிறது.

வயலுக்கு மடை திறந்துவிட்டவர்களுக்கு அடுத்து நடப்பது எளிதில் விளங்கும். மடையைத் திறந்த அந்தக் கணத்திலேயே கடைமடையில் தண்ணீர் வந்துவிடாது. மூடிய கணத்திலேயே நின்றுவிடவும் செய்யாது. வாய்க்கால் நீளமாக இருந்து, மடையை வேக வேகமாகத் திறந்து மூடினால் கடைமடைக்குச் சீரான ஓட்டம் போய்ச் சேரும். மெதுவாகத் திறந்து மூடினால் ஒருமுறை வெள்ளம், ஒருமுறை வறட்சி. மோட்டார்ச் சுருளின் தூண்டம்தான் அந்த வாய்க்காலின் நீளம். தூண்டத்தைத் தடையால் வகுத்தால் ஒரு நேரம் கிடைக்கும். மின்னோட்டம் ஏறவும் இறங்கவும் எடுக்கும் காலத்தின் அளவுகோல் அது.

ஒரு சிறிய மோட்டாருக்குத் தடை 5 ஓம், தூண்டம் 1 மில்லிஹென்றி என்று வைத்துக்கொள்வோம். நேரம் 0.2 மில்லிநொடி. 490 ஹெர்ட்ஸில் ஒரு துடிப்புச் சுற்று 2.04 மில்லிநொடி, அதாவது பத்து மடங்கு. மின்னோட்டம் உச்சிக்கு ஏறுவதும் சுத்தமாக வடிவதும் ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறது. மோட்டாரின் திருகுவிசை மின்னோட்டத்தின் சராசரியோடு போகும். வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போகும். ஆகவே அதே விசையைச் சீரான ஓட்டமாகத் தருவதற்கும் வெள்ளமும் வறட்சியுமாகத் தருவதற்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நான் சொன்ன மோட்டார் நின்ற இடத்தில் கால் பங்குத் துடிப்பை வாங்கிக்கொண்டிருந்தால், சீரான ஓட்டத்தைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு சூடாகும். தூண்டமே இல்லாமல் இருந்தால் நான்கு மடங்கு. ஒவ்வொரு துடிப்பும் சுருளையும் இரும்பையும் ஒரு தட்டுத் தட்டுகிறது. அந்தத் தட்டல்தான் சிறுமியின் வண்டியில் காகலி நிஷாதமாகக் கேட்டது.

சரி, அதிர்வெண்ணைக் கூட்டிவிட்டால் போயிற்று என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. 9, 10 ஆகிய பின்களை ஆளும் இரண்டாவது டைமரில் 64-ஆல் வகுக்கும் பகுப்பானை ஒரு வரி நிரலால் மாற்றலாம். 8-ஆல் வகுத்தால் 3,921 ஹெர்ட்ஸ். வகுக்காமலே விட்டால் 31,372. முதலில் 3,921-ஐ வைத்துப் பார்த்தேன். அறையில் ஒருவராலும் உட்கார முடியவில்லை. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000-க்கும் 5,000-க்கும் இடையில். குழந்தை வீரிட்டு அழும்போது நம்மை உலுக்குவதும் அந்தப் பகுதிதான். 490-ஐ விட்டு ஓட நினைத்தால் பாதி வழியில் நிற்கக் கூடாது.

ஆகவே 31,372. ரீங்காரம் அடங்கி அறை அமைதியானது. மோட்டாரும் அடங்கிவிட்டது. 60-இல் நகரவில்லை, 100-இல் நகரவில்லை. பாதியைத் தாண்டிய பிறகுதான் சக்கரம் மெல்ல அசைந்தது. முன்பு 80-இல் ஓடிய வண்டி அது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அன்று என்னிடம் பதில் இல்லை.

இதே இடத்தில் தடுக்கி விழுந்து, அதிக அதிர்வெண்ணில் மோட்டாருக்கு வலு போய்விடும் என்ற தவறான முடிவோடு 490-க்கே திரும்பிப் போனவர்கள் பலர். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

எல்298என் போர்டில் வேகத்தை எனேபிள் பின்னில் கொடுப்பதுதான் எல்லாப் பாடத்திலும் உள்ள வழக்கம். துடிப்பு அணையும்போது நான்கு கதவுகளும் ஒருசேர மூடிக்கொள்கின்றன. சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் டையோடுகள் வழியாக பேட்டரியையே எதிர்த்துத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது. ஏறும்போது எந்த அழுத்தம் தள்ளியதோ, இறங்கும்போது அதே அழுத்தம் பிடித்து இழுக்கிறது. 490-இல் இது உறைக்காது. துடிப்பு நீளமாக இருப்பதால் மின்னோட்டம் முழுதாக ஏறிவிடும். 20,000-க்குப் போனாலே நிலைமை வேறு. 6 வோல்ட்டில் கால் பங்குத் துடிப்பு என்றால் 12.5 மைக்ரோநொடிதான் ஏற்றம். அதற்குள் 75 மில்லிஆம்பியர் வரை ஏறி, அதே வேகத்தில் பூஜ்யத்துக்கு விழும். சராசரி 20 மில்லிஆம்பியரைக்கூடத் தொடாது. மோட்டாருக்கு அந்தக் கால் பங்கில் கிடைக்க வேண்டியது 300. வலு போனதற்கு அதிர்வெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. மின்னோட்டம் திரும்பும் பாதைதான் தவறு.

மாற்றவேண்டியது ஒரு கம்பி. எனேபிளை நிரந்தரமாக உயர்த்தி வைத்துவிட்டு, துடிப்பை, திசைப் பின்கள் இரண்டில் ஒன்றான ஐஎன்1-இல் கொடுக்க வேண்டும். ஐஎன்2 திசையைச் சொல்லட்டும். இப்போது துடிப்பு அணையும் நேரத்தில் மோட்டாரின் இரு முனைகளும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. பேட்டரியை எதிர்க்காமல் மின்னோட்டம் சுருளுக்குள்ளேயே சுற்றி மெல்ல வடிகிறது. திசையைத் திருப்பும்போது மட்டும் துடிப்பின் அகலத்தைத் தலைகீழாக்க வேண்டும். 60 என்பது 195 ஆகும். இதைச் செய்த அன்று அதே வண்டி 20,000 ஹெர்ட்ஸில் சத்தமே இல்லாமல் ஊர்ந்தது. அலைவை அளந்தால் பாதித் துடிப்பில்கூட 75 மில்லிஆம்பியர்தான், 1.2 ஆம்பியர் வாங்கக்கூடிய மோட்டாருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

31,372-ஐ விட்டு 20,000-க்கு வந்ததற்குக் காரணம் அந்த அலுமினியத் தகடு. எல்298 பழைய இருமுனை டிரான்சிஸ்டர்களால் ஆனது. மெதுவாகத்தான் திறக்கும், மெதுவாகத்தான் மூடும். அதன் தரவுத்தாள் 25 கிலோஹெர்ட்ஸை வழக்கமான அளவாகவும் 40-ஐ உச்சமாகவும் தருகிறது. பாதி திறந்த நிலையில் கழியும் ஒவ்வொரு கணமும் வெப்பம். நொடிக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறோமோ அத்தனை மடங்கு. ஒரு ஆம்பியர் ஓட்டத்தில் 1.8 முதல் 3.2 வோல்ட் வரை அது தானே விழுங்கிவிடும் என்பது தனிக் கணக்கு. 6 வோல்ட் பேட்டரியில் பாதியை வழியிலேயே தின்னும் ஒரு சில்லை இன்றைக்கும் பிள்ளைகள் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். விலை மலிவு, எங்கும் கிடைக்கிறது என்பதைத் தவிர இதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை. தோஷிபாவின் டிபி6612 போன்ற மாஸ்ஃபெட் டிரைவர்கள் நகத்தளவே இருந்துகொண்டு 100 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்குகின்றன. அவற்றை வாங்கித் தருவதே பிள்ளைகளுக்கு நாம் செய்யும் நியாயம்.

டிரைவர் இல்லாமல் ஒற்றை மாஸ்ஃபெட்டைப் போர்டின் பின்னிலேயே நேராக மாட்டுகிறவர்களும் உண்டு. மாஸ்ஃபெட்டின் வாசல் ஒரு சிறு குடம் மாதிரி, நிரம்பினால்தான் திறக்கும். 50 நானோகூலோம் கொள்ளும் குடத்தை 20 மில்லிஆம்பியரில் நிரப்ப 2.5 மைக்ரோநொடி, வடிக்க இன்னொரு 2.5. 490-இல் ஒரு சுற்று 2,040 மைக்ரோநொடி என்பதால் இந்த ஐந்து கணக்கிலேயே வராது. 20,000-இல் ஒரு சுற்றே 50 மைக்ரோநொடி; பத்தில் ஒரு பங்கு அரைகுறைத் திறப்பிலேயே கழிந்துவிடும். மாஸ்ஃபெட் கையைச் சுடும். நடுவில் ஒரு வாசல் டிரைவர் சில்லைப் போட்டால் தீர்ந்தது.

20,000 என்ற எண்ணும் எல்லா மோட்டாருக்கும் பொது அல்ல. இரும்பு உள்ளீடு இல்லாமல் சுருளை மட்டும் கிண்ணம்போலச் சுற்றிய மோட்டார்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் ஃபவுல்ஹாபர், சுவிட்சர்லாந்தின் மேக்ஸன் நிறுவனங்கள் இவற்றுக்குப் பெயர்பெற்றவை. இரும்பில்லாததால் தூண்டம் மிகக் குறைவு. 50 மைக்ரோஹென்றியும் 5 ஓமும் என்றால் நேரம் வெறும் 10 மைக்ரோநொடி. இதற்கு 20 கிலோஹெர்ட்ஸ் கொடுப்பதும் மஞ்சள் மோட்டாருக்கு ஆயிரம் ஹெர்ட்ஸ் கொடுப்பதும் ஒன்றுதான். மேக்ஸனின் எஸ்கான் கட்டுப்பாட்டுக் கருவிகள் 53.6 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது அதனால்தான். அதுவும் போதாத இடத்தில் மோட்டாரோடு தொடராக ஒரு சோக் சுருளைச் சேர்ப்பார்கள், வாய்க்காலை நீட்டுவதுபோல.

490-க்கும் அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும் ஒரு நற்குணம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. நின்றிருக்கும் மோட்டாரைக் கிளப்புவது ஓடும் மோட்டாரைத் தள்ளுவதைவிடக் கடினம். பிரஷ்களும் கியர்ப் பற்களும் பிடித்துக்கொண்டிருக்கும். மெதுவான துடிப்பு ஒவ்வொன்றும் முழு மின்னோட்டத்தோடு வந்து ஒரு குத்து விடுவதால் அந்தப் பிடி தளர்கிறது. பொம்மை ரயில் ஓட்டியவர்கள் இதை வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். மின்மாற்றியால் அழுத்தம் குறைத்த வீட்டு மின்சாரத்தின் ஒரு பாதி அலையை மட்டும் தண்டவாளத்துக்குக் கொடுத்தால் எஞ்சின் நிலையத்தை விட்டு நத்தையாக ஊர்ந்து கிளம்பும், கொஞ்சம் உறுமிக்கொண்டு. 20,000-க்குப் போகிறவர்கள் தொடக்கத்தில் ஒரு சிறு கணம் முழு வேகம் கொடுத்து, பிறகு குறைத்துக்கொண்டால் அதே பலன் கிடைக்கும்.

காதைக் கேட்டுத் தேர்ந்தெடுத்த எண்ணும் உலகில் உண்டு. கணினிகளின் நான்கு கம்பி விசிறிகளுக்கு இன்டெல் வகுத்த விதிமுறையில் கட்டுப்பாட்டுத் துடிப்பு 25 கிலோஹெர்ட்ஸ். 21-லிருந்து 28 வரை போகலாம். அவை பிரஷ் இல்லாத மோட்டார்கள், துடிப்பும் அங்கே கட்டளை மட்டும்தான்; ஆனாலும் மனிதன் கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் எல்லைக்கு மேலேதான் அந்த வரம்பு முழுவதும் இருக்கிறது. மாறாக ஒலியை மறைக்காமல் அழகாக்கியவர்களும் உண்டு. ஜப்பானின் கெய்க்யூ ரயில்வேயில் 1998-இல் ஓடத் தொடங்கிய 2100 வகை ரயில்கள், சீமென்ஸ் இன்வெர்ட்டரின் அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றி, கிளம்பும்போது ஸ்வரவரிசை பாடின. மும்முனை மோட்டார்கள்தாம், நம் சிறு மோட்டாரின் பெரிய உறவினர்கள். அந்த வகை இன்வெர்ட்டரோடு பாடிய கடைசி ரயில் 2021-இல் ஓய்ந்தது.

வயதானவர்களுக்கு 16 கிலோஹெர்ட்ஸே கேட்காது என்று அங்கேயே நின்றுவிடும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் உட்கார்ந்திருப்பவை பன்னிரண்டு வயதுக் காதுகள். அவற்றுக்குக் கேட்கும், வலிக்கும்.

ஆகவே என் வகுப்பில் இப்போது மோட்டாரை வண்டியில் பொருத்துவதற்கு முன் ஒரு வேலை நடக்கிறது. மல்டிமீட்டரால் தடையை அளக்கிறோம். பிரஷ் எந்தத் தகட்டில் நிற்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும் என்பதால் தண்டை மெல்லத் திருப்பித் திருப்பி நான்கைந்து முறை. எல்சிஆர் மீட்டரால் தூண்டத்தை அளந்து, இரண்டையும் வகுத்து, அந்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதி மோட்டாரின் முதுகில் ஒட்டுகிறோம். துடிப்பின் ஒரு சுற்று அந்த நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. காதுக்கு எட்டக் கூடாது என்பது இரண்டாவது. டிரைவர் சூடாகக் கூடாது என்பது மூன்றாவது. முதல் நிபந்தனைக்கு நம் மஞ்சள் மோட்டார் போன்றவற்றுக்கு 5,000 போதும். 20,000 வரை போவது காதுக்காக மட்டுமே. சர்வோ மோட்டாரும் அதே வண்டியில் இருந்தால் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: சர்வோ நூலகம் இரண்டாவது டைமரையே எடுத்துக்கொள்வதால் 9, 10 பின்களில் துடிப்பு வராது.

490 இன்னும் ஓய்வு பெறவில்லை. 2023-இல் வந்த உனோ ஆர்4 போர்டில் பழைய ஏடிமெகா சில்லு இல்லை; ரெனசாஸ் நிறுவனத்தின் 32 பிட் சில்லு, 48 மெகாஹெர்ட்ஸ். 64-ஆல் வகுக்க வேண்டிய கட்டாயமோ, 510 படி ஏறி இறங்க வேண்டிய கட்டாயமோ அதற்கு இல்லை. இருந்தும், நிரலில் ஒன்றும் மாற்றாமல் ஒரு மோட்டாரை மாட்டினால் அது 490 ஹெர்ட்ஸில்தான் துடிக்கும். உங்கள் மேசையில் அப்படி ஒரு வண்டி இருந்தால், இன்று இரவே அந்த மோட்டாரின் தடையையும் தூண்டத்தையும் அளந்துவிடுங்கள்.